தந்திப் பெட்டியும் காவிரி வெள்ளமும்

ஒகேனக்கல்லில் குடியிருப்பவர்களுக்கு அருவியின் இரைச்சல் காதில் விழுவதில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி, "ராத்திரி பூராவும் என்ன சார் சத்தம்?" என்று கேட்கும்போதுதான் நமக்கே ஞாபகம் வரும். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஏறி அந்தச் சத்தம் மாறிவிட்டால், தூக்கத்திலும் தெரிந்துவிடும்.

2018 ஆகஸ்டில் அப்படித்தான் ஆயிற்று. ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. ஐந்தருவி எது, பாறை எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே செம்மண் கடல். பரிசல்களைக் கவிழ்த்துக் கரையேற்றிவிட்டார்கள். ஒரு நாள் இரவு எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் கைபேசியும் செத்துவிட்டது. அந்த இருட்டில் ஒரு பரிசல்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் காலையில் மேட்டூருக்குப் போனவன், திரும்பவில்லை.

"அய்யா, பரண் மேல ஒரு தந்திப் பெட்டி வெச்சிருக்கீங்களே, அதுல மேட்டூருக்கு ஒரு சேதி சொல்ல முடியுமுங்களா?"

முடியாது என்று சொன்னேன். பெட்டி மின்சாரம் கண்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை இயக்க எனக்கிருந்த உரிமமும் எப்போதோ காலாவதியாகியிருந்தது. மறுநாள் மதியம் பையன் பென்னாகரம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான். அவர் என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த "முடியாது" என் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்தப் பெட்டியின் கதையையும், அது போன்ற பெட்டிகளின் நூறாண்டுக் கதையையும் இன்று எழுதுகிறேன்.

ஹாம் வானொலி என்று சொன்னால் பலருக்குச் சிலோன் ரேடியோதான் நினைவுக்கு வரும். அது கேட்பது மட்டும். ஹாம் என்பது கேட்கவும் பேசவும் ஆனது. அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக் குறியைப் பெற்று, சொந்த ஒலிபரப்பிக் கருவியில் உலகின் எந்த மூலையில் இருக்கும் இன்னொரு ஹாமுடனும் பேசலாம். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. அதனால்தான் 'அமெச்சூர்' என்கிறார்கள்.

அமெச்சூர் நாடகம் என்றால் நம் ஊரில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே அந்தச் சொல் 'அமத்தர்'. நேசிப்பவன் என்று அர்த்தம். கூலிக்காக அல்ல, ஆசைக்காக ஒரு வேலையைச் செய்கிறவன். இந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்குத் தந்தி மொழியைக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அவர் இந்தோசீனாவில் சிக்னல் பிரிவில் இருந்தவர். காபி டம்ளரில் கரண்டியால் தட்டி, 'தி' என்றால் குறில், 'தா' என்றால் நெடில் என்று ஆரம்பித்தார். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. பத்து வயதில் என் பெயரைத் தட்டத் தெரிந்துகொண்டேன்.

இந்தியாவில் இந்தக் கலை தொடங்கியது 1921இல். கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் என்ற இருவர் முதல் ஹாம்களாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அரசாங்கங்களும் கம்பெனிகளும் நீண்ட அலைகளைத் தங்களுக்கு வைத்துக்கொண்டன. 200 மீட்டருக்கும் குறைவான சிற்றலைகள் தூரம் போகாது, உதவாது என்று நினைத்து அமெச்சூர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். உதவாது என்று ஒதுக்கியதில்தான் பொக்கிஷம் இருந்தது. 1923 நவம்பர் இறுதியில் பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து லெயோன் தெலுவா என்ற அமெச்சூர், சுமார் 100 மீட்டர் அலையில் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல் என்ற அமெச்சூருடன் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இருவழியாகத் தந்தி பேசினார். வானத்தில் அயனி மண்டலம் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அது சிற்றலைகளைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. இதன் பலனை உலகத்துக்குக் காட்டியவர்கள் இந்த நேசிப்பவர்கள்தான். 1925 ஏப்ரலில் பாரிஸில் கூடிச் சர்வதேச சங்கமும் அமைத்தார்கள். ஏப்ரல் 18ஐ உலக அமெச்சூர் வானொலி நாளாக இன்றும் கொண்டாடுகிறோம்.

நம் சென்னையும் பின்தங்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். ஜூலை 31 அன்று 40 வாட் கருவியில் ஒலிபரப்பு தொடங்கியது. அதே 1924 ஜூலையில்தான் காவிரியில் பெருவெள்ளம். பழைய ஆட்கள் இன்றும் வெள்ளத்துக்கு அளவுகோலாகச் சொல்கிற வருடம் அது. அப்போது மேட்டூர் அணையும் கிடையாது. அந்த வெள்ளச் செய்தி கம்பித் தந்தியிலும் ஆள் மூலமாகவும்தான் போயிருக்கும். வெள்ளம் கம்பத்தைச் சாய்த்தால் தந்தியும் இல்லை. கம்பி வேண்டாத கருவி சென்னையில் பிறந்த அதே மாதத்தில், அது தேவைப்பட்ட ஆறு இங்கே ஓடிக்கொண்டிருந்தது.

பணமுடையால் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றுதான் வந்தது. நாம் கேட்டு வளர்ந்த சென்னை வானொலிக்குப் பாட்டனார் ஓர் அமெச்சூர் கிளப் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

1939இல் உலகப் போர் வந்ததும் வெள்ளைக்கார அரசாங்கம் ஹாம்களின் கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்கச் சொன்னது. கேட்பதில் அரசாங்கங்களுக்குப் பயமில்லை, பேசுவதில்தான் பயம். அந்தப் பயம் வீண்போகவில்லை. 1942 ஆகஸ்ட் 27 முதல் பம்பாயில் ரகசியக் காங்கிரஸ் வானொலி பேசியது. அதை நடத்திய உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது. கருவிக்கு உதவியவர் நாரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர். வீடு வீடாக இடம் மாற்றி நடத்தினார்கள். நவம்பர் 12 அன்று போலீஸ் பிடித்தது. மூன்று மாதம்கூட முழுசாக ஓடாத அந்த நிலையம் சுதந்திர வரலாற்றில் நின்றுவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948 மே மாதம், மஹூ ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் பிறந்தது.

இங்கே என் சொந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாம்கள் ஒவ்வொரு நாட்டையும் முன்னெழுத்தால் அடையாளம் காண்பார்கள். இந்தியாவுக்கு வி.யு. பிரெஞ்சு இந்தியாவுக்கு எஃப்.என்.8. 1954 நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. அன்றோடு எஃப்.என்.8 ஹாம்களின் நாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனக்கு அப்போது மூன்று வயது. பிற்பாடு அந்த 'நீக்கப்பட்ட நாடுகள்' பட்டியலில் என் ஊரைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, என்னவோ போலும் இருந்தது. ஊர் அப்படியே இருக்கிறது, பெயர்ச்சீட்டு மட்டும் போய்விட்டது.

எழுபதுகளில் அரசு வேலை கிடைத்துத் தருமபுரி மாவட்டத்துக்கு வந்தேன். சம்பளம் மிச்சம் பிடித்துச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய பட்டாள ரேடியோவின் பாகங்களைக் கிளறுவேன். 807 என்ற வால்வை வைத்து ஒலிபரப்பியை நானே கட்டினேன். 1981இல் தேர்வு எழுதினேன். இரண்டாம் நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் தந்தி தெரிந்தால் போதும். சொல்தா தாத்தாவின் கரண்டி என்னைக் கரை சேர்த்தது. முதல் முறை நான் 'சி.கியூ' என்று அழைத்தபோது கை நடுங்கியது. யாராவது இருக்கிறீர்களா என்று அதற்குப் பொருள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். முகம் தெரியாத ஒருவர் என் பெயரைத் திருப்பித் தட்டிய அந்த ஓசையை இன்றும் மறக்கவில்லை.

1984இல் மத்திய அரசு ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற ஹாம் என்பது பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுக்க எண்ணிக்கை ஏறியது. நான் மட்டும் இறங்கினேன். பதவி உயர்வு, இடமாற்றம், பெண்ணின் கல்யாணம். ஊரார் உரிமங்களையெல்லாம் தேதி தவறாமல் புதுப்பித்துக் கொடுத்த குமாஸ்தா, தன் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தான். கெடு முடிந்த பிறகு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளினான். இதற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நான் தூங்கிய அந்த வருடங்களில் மற்றவர்கள் தூங்கவில்லை. 2001 குஜராத் பூகம்பத்தில் ஹாம்கள் பூஜுக்குக் கருவியோடு போனார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் நிகழ்ச்சிக்காக அந்தமானில், போர்ட் பிளேரில் நிலையம் வைத்திருந்தார். உலகமெங்கும் உள்ள ஹாம்கள் அந்தமானோடு ஒரு தொடர்பு கிடைக்காதா என்று காத்திருந்த காலம். டிசம்பர் 26 காலை பூமி குலுங்கி, சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்கு வைத்திருந்த அதே நிலையம் தீவுக்கும் மெயின்லாந்துக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் பாலமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஒற்றை வரி எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்! அதற்கடுத்த 2005 மே 5 அன்று இஸ்ரோ 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது. இதையெல்லாம் நான் செய்தித்தாளில் படித்தேன், அவ்வளவுதான்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மனைவி, "பேரன் எடுக்கிற வயசுல இது எதுக்குங்க?" என்றாள். பேரன்தான் இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான். இப்போது தந்தி தெரியாதவர்களுக்கும் ஓர் உரிமம் உண்டு. நான் பொது நிலைக்கே எழுதினேன். அதற்கு நிமிடத்துக்கு 8 சொல் வேண்டும். தேர்வு அறையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். காதில் 'தி', 'தா' விழுந்ததும் விரல் தானாக எழுதிற்று. அறுபது வருடத்துக்கு முன் கற்றது அங்கேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

நம் ஒகேனக்கல்லில் ஒரு சிக்கல். இது பள்ளத்தாக்கு. கையடக்க வாக்கி-டாக்கியின் அலை நேர்கோட்டில் போகும், எதிரே மலை இருந்தால் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதற்குத்தான் 40 மீட்டர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். 20 மீட்டர் நீளச் செம்புக் கம்பியை நடுவில் பிரித்து, தென்னை மரத்துக்கும் மாடிக் கைப்பிடிக்கும் இடையே தாழ்வாகக் கட்டியிருக்கிறேன். தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போலச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மலை அதற்குத் தடையில்லை. பகல் நேரத்தில் மேட்டூர், சேலம், பெங்களூர், சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள். மின்சாரம் போனாலும் கவலையில்லை, கார் பேட்டரி ஒன்று போதும்.

இது கைபேசிக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் இது பொழுதுபோக்குதான். மிச்சமிருக்கும் அந்த நாலைந்து நாளுக்காகத்தான் காலையில் தவறாமல் உட்கார்ந்து, "யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிட்டுப் பழகுகிறோம். ஆபத்து வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. கூலிக்கு வேலை செய்பவனை ஆபத்து நாளில் தேடிப் பிடிக்க வேண்டும். நேசித்துச் செய்கிறவன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

2022 ஆகஸ்டில் மறுபடி பெருவெள்ளம் வந்தது. இந்த முறை கைபேசி செத்துப்போகவில்லை. ஆனாலும் பரிசல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இப்ப பேசுதுங்களா அய்யா?" என்றார். "பேசுது" என்றேன். அவர் மகனை அழைத்து உட்காரவைத்து, 'தி', 'தா' என்று கரண்டியால் தட்டிக் காட்டினேன். அவன் இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். வாசகர்கள் வீட்டிலும் துறுதுறுவென்று ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

தந்திக்காரர்கள் விடைபெறும்போது 73 என்று தட்டுவார்கள். நல்வாழ்த்துகள் என்று பொருள். என் வயதும் இப்போது அதேதான்.

எல்லோருக்கும் 73.