ஒரே கூடையில் எத்தனை முட்டை?

இங்கிலீஷ்காரன் விட்டுவிட்டுப் போன பழமொழிகளில் நம்மூர் முதலீட்டு ஆலோசகர்களுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. 'எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே!' அடையாறில் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் பையனும் இதைத்தான் சொல்கிறான், தி.நகரில் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிக்க வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். மயிலாப்பூரில் முட்டையை வாசற்படி ஏற்றாத வீட்டு மாமிகூட, "எல்லாத்தையும் ஒரே பாஸ்கெட்ல போடப்டாதும்பாளே" என்று தலையாட்டுகிறார்.

இந்த முட்டை எங்கிருந்து வந்தது? 'டான் க்விக்ஸாட்' நாவலில் இருந்து என்பார்கள். பாதி உண்மை. செர்வாண்டிஸ் ஸ்பானிஷில் எழுதிய இடத்தில் முட்டையும் கிடையாது, கூடையும் கிடையாது. இருப்பதையெல்லாம் ஒரே நாளில் பணயம் வைக்காதே என்கிற மாதிரிதான் இருக்கிறது. 1700 வாக்கில் ஆங்கிலத்தில் பெயர்த்த மோட்டோ என்பவர் முட்டையைச் சேர்த்துப் பரிமாறிவிட்டார்!

அமெரிக்க எஃகு சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகிக்கு இந்த உபதேசம் பிடிக்கவே இல்லை. 1885-ல் வணிகம் படிக்கும் மாணவர்களிடம் தலைகீழாகப் பேசினார். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வை, அப்புறம் அந்தக் கூடையிலிருந்து கண்ணை எடுக்காதே என்பது அவர் கட்சி. அவர் சொல்லலாம். கூடை அவருடையது. அடுத்தவர் கூடையில் முட்டையை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு மெட்ராஸ் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைய மெட்ராஸில் வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் மூன்று பெயர்கள். பாரி, பின்னி, அர்பத்நாட். இதில் அர்பத்நாட்டுக்கு ஒரு தனி மவுசு. ஏற்றுமதி, இறக்குமதி, ஏஜென்சி என்று எல்லா வியாபாரமும் செய்துகொண்டே மக்களிடம் டெபாசிட்டும் வாங்கினார்கள். தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். 'சர்' பட்டம், சட்டசபை உறுப்பினர், கவர்னர் மாளிகை விருந்துகளில் முன்வரிசை. இப்படிப்பட்ட மனிதரிடம் கொடுத்த பணம் எங்கே போய்விடும்? உபகாரச் சம்பளம் வாங்கும் பெரியவர்கள், புருஷனை இழந்த பெண்கள், உயர் நீதிமன்ற வக்கீல்கள், ஜமீன்தார்கள் என்று எல்லோரும் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கதவைச் சாத்திவிட்டது. மஞ்சக் கடுதாசி!

லண்டனில் பேட்ரிக் மெக்ஃபேடியன் என்றொரு கூட்டாளி இருந்தார். அங்கே அவர் பெயரில் ஒரு கம்பெனி. பெயர்தான் வேறு, முதலாளிகள் ஒன்றுதான். மெட்ராஸில் சேர்ந்த பணம் கப்பலேறி லண்டனில் சூதாட்டத்துக்குச் சமமான முதலீடுகளில் கரைந்துகொண்டிருந்தது. விஷயம் முற்றியதும் மெக்ஃபேடியன் ரயில் முன் பாய்ந்து செத்துப்போனார். இங்கே சுமார் 7,000 பேர் தெருவில் நின்றார்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உறுத்தும். அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபார நிறுவனம், அவ்வளவுதான். பங்குதாரர்கள் கூட்டம் கிடையாது, ஊருக்குக் காட்ட வேண்டிய ஐந்தொகை கிடையாது. பணம் போட்டவர்கள் 'பேங்க்' என்று நினைத்துப் போட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரு வியாபாரிக்கு அடமானம் இல்லாமல் கைமாற்று கொடுத்தவர்கள்.

'பேராசை பெருநஷ்டம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். இவர்கள் யாரும் ஒன்றைப் பத்தாக்கக் கிளம்பியவர்கள் அல்ல. பத்திரமான இடம் தேடியவர்கள். மெட்ராஸிலேயே பத்திரமான கூடை அதுதான் என்று ஊரே சொன்னது.

ஒரே ஒரு ஆறுதல். சர் ஜார்ஜ் மீது மோசடி வழக்கு நடந்தது. 18 மாதம் கடுங்காவல். வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிரபு ஜெயிலுக்குப் போனார்.

டெபாசிட்தாரர்களுக்காக வாதாடியவர் மயிலாப்பூரின் பிரபல வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் மிதவாதி, ஆனால் தீவிரவாதியான பாரதியின் பாட்டுகளை அச்சிடப் பணம் கொடுத்தவர். அர்பத்நாட் விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் தொடக்கத்திலேயே ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு 'நமக்கென்று ஒரு வங்கி வேண்டும்' என்று சுற்றறிக்கை விட்டார். செட்டிநாட்டிலிருந்து ராமசாமி செட்டியார் கைகொடுத்தார். 1907 மார்ச் 5-ல் பதிவாகி, ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. அர்பத்நாட் இருந்த கடற்கரைச் சாலை இடத்திலேயே பின்னால் அதன் தலைமையகமும் வந்து உட்கார்ந்தது. பேஷ்!

கதையை இங்கேயே முடித்தால் சுபம். ஆனால் மயிலாப்பூரில் இன்னொரு கூடையும் இருந்தது. இந்து பர்மனென்ட் ஃபண்ட், 1872-ல் ஆரம்பித்தது. அதாவது அர்பத்நாட் விழுவதைத் தெற்கு மாட வீதிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதற்கு வயது 34. உறுப்பினர்களிடமே டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கே நகை மீதும் வீட்டின் மீதும் கடன் கொடுப்பது. 'நிதி' என்று இதற்குப் பெயர். முகம் தெரிந்தவர் பணம், முகம் தெரிந்தவருக்குக் கடன். கார்னகி சொன்ன கூடை காவல் இங்கேதான் நிஜமாக நடந்தது. கபாலி கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிடலாமே!

1990-களில் சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனி ஜுரம் அடித்தது. 24 சதவிகிதம், 36 சதவிகிதம் என்றார்கள். தேக்கு மரம் வளர்த்துத் தருகிறேன் என்ற அனுபவ் 1998-ல் சாய்ந்தது. அதற்கு முந்தைய வருடமே தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது. கூடைப் பழமொழியை மனப்பாடமாகக் கேட்டவர்கள் நாலு கம்பெனியில் பிரித்துத்தான் போட்டார்கள். நாலும் ஒரே மாதிரிக் கூடை என்பதுதான் தெரியவில்லை.

அப்போதும் மயிலாப்பூர் ஃபண்ட் நின்றது. நின்றதே அதற்கு விளம்பரமாயிற்று. தாத்தா போட்டார், அப்பா போட்டார், ரிடையர்மென்ட் பணத்தை மகனும் போட்டார். முகம் தெரிந்தவர்களின் நிதி பெரிதாக வளர வளர, எட்டிப் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். பெயர் மட்டும் அதே பெயர்.

2024-ல் முதிர்ந்த டெபாசிட்டுக்குப் பணம் வரவில்லை. கொடுத்த செக்குகள் திரும்பின. ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கைது செய்தது. சிக்கிக்கொண்ட டெபாசிட் 525 கோடி ரூபாய், போட்டவர்கள் 5,000 பேருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. குற்றம் யார் மேல் என்பதைக் கோர்ட் சொல்லட்டும்.

1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்த பிறகு, 1962-ல் வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. முதலில் 1,500 ரூபாய் வரைதான். 1993-ல் ஒரு லட்சமாகி, 2020-ல் ஐந்து லட்சமானது. கிருஷ்ணசாமி ஐயர் ஆரம்பித்த வங்கியில் போட்டவருக்கு இது உண்டு. அதே மயிலாப்பூரில், நிதியில் போட்டவருக்குக் கிடையாது. 2024-ல் ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள்.