யார் இந்த துளசிமதி? பாராலிம்பிக்ஸில் காஞ்சிபுரம் பொண்ணு சாதித்தது எப்படி?

பட்டுத்தறிக்குப் பேர்போன பிள்ளையார்பாளையம் இருக்கும் காஞ்சிபுரம்தான் துளசிமதி முருகேசனின் சொந்த ஊர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பேட்மிண்டனில் வெள்ளி வென்றவர்.

எஸ்யூ5 பிரிவுன்னா என்ன?
கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. கோர்ட், வலை எல்லாமே வழக்கமான அளவுதான். துளசிமதிக்கு இடது கையில் பாதிப்பு.

கற்றுத் தந்தது யார்?
கூலி வேலை பார்த்த அப்பாதான் கோச். ஆடிக்கொண்டே நாமக்கல்லில் கால்நடை மருத்துவமும் படித்தார்.

தங்கம் நழுவியது எப்படி?
2023 ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் சீனாவின் யாங் கியூஷியாவை வீழ்த்தித் தங்கம் வென்றார். பாரிஸ் இறுதியில் அதே யாங்கிடம் 17-21, 10-21 எனத் தோற்றார்.

ஏன் இது முக்கியம்?
அதே பிரிவில் வெண்கலம் வென்றவரும் தமிழ்நாட்டின் மனிஷா ராமதாஸ்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இந்த இருவருமே பதில்.