நூற்றுத் தொண்ணூற்று மூவர்

பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரத்துக்குப் போய்வரும் நம்மில் பலருக்குச் 'சானடோரியம்' என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அச்சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்த காலமும் இருந்தது. என்புருக்கி நோய் கண்டவரை ஊருக்குப் புறத்தே கொண்டுவந்து சேர்த்த இடம் அது. பெண்ணுக்கு வரன் தேடும் குடும்பங்கள் அங்கே தம் உறவினர் ஒருவர் படுத்திருப்பதை வாய்விட்டுச் சொல்லமாட்டா.

அந்த மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் நோயுற்றபோது சிலகாலம் அவருடைய பராமரிப்பில் இருந்தார் என்பது பலர் அறியாத செய்தி. தூய காற்று, ஓய்வு, சத்துணவு: அன்றைய மருத்துவத்தின் கையிலிருந்தவை இவையே. 1937இல் அரசு அந்த இல்லத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் நோயாளரின் தொகைக்கு முன் கட்டில்களின் எண்ணிக்கை எம்மாத்திரம்?

இந்நிலையில்தான் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் துணிச்சலான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஐசோனியசிட், பி.ஏ.எஸ். எனும் மருந்துகள் கைக்கு வந்துவிட்டன; இனியும் நோயாளி வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டுமா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். திருவுளச்சீட்டுப் போட்டதுபோல, ஒரு சாரார் வீட்டிலும் மறுசாரார் சானடோரியத்திலும் ஓராண்டுக்காலம் அதே மருந்துகளைப் பெற்றனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிட்டின. வீட்டில் இருந்தோரோ நெரிசலான குடியிருப்பில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டே மாத்திரை உண்டனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தோர் வீட்டில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியத்தில் 92 பேர். வேறுபாடு சொற்பமே. வீட்டில் இருந்தவரால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்ததற்கு நம் சென்னையின் குடிசைகளும் ஒரு காரணம் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

பெருமை யாரைச் சேரும்? மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. நோயாளிகளோ எண்களாக இருக்கிறார்கள்: இத்தனை எடை, இத்தனை எக்ஸ்ரே, சளியில் கிருமி உண்டு அல்லது இல்லை. அவர்கள் கொடுத்தது சளியை மட்டுமா? எந்நேரத்திலும் மருந்தை எண்ணிப் பார்க்கவும், சிறுநீரைச் சோதிக்கவும் வரக்கூடிய பணியாளருக்கு வாயிற்கதவைத் திறந்துவிட்டார்கள். அண்டை அயலார் பார்க்கத்தான் திறந்தார்கள். சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர், சிகிச்சை முடியுமுன்பே வீடு திரும்பிவிட்டனர். அதைப் 'பாதியில் நின்றோர்' என்று கணக்கில் எழுதிவிடலாம். நமக்கோ அது ஒரு பதிலாகவே தோன்றுகிறது. அடுப்பெரிக்க ஆளில்லாத வீட்டின் தாய்க்குக் கட்டிலும் பாலும் முட்டையும் போதவில்லை. கேள்வியை வகுக்கும்போதே அவளை உட்காரவைத்துக் கேட்டிருந்தால், அவள் இதைச் சொல்லியிருப்பாள். ஆனால் அக்காலத்து வழக்கில் கேள்வி மருத்துவருடையது, உடல் நோயாளியுடையது.

இதில் பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி குறைவு. பழமும் ரொட்டியும் ஏந்தி நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நாம், அவர்களுக்காகச் செபித்திருக்கிறோம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எத்தனை முறை கேட்டோம்? எரிகோ வழியோரத்துப் பார்வையற்றவனுக்குக் கண்தான் வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆண்டவர் அவனிடமே கேட்டார்.

கேட்கவைத்தவர்கள் பின்னர் வந்தார்கள். தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் ஏற்றது. 1997இல் அத்தொற்றுடன் வாழ்வோரே ஒன்றுகூடிச் சென்னையில் ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினர். மறைந்து வாழ்ந்தவர்கள் மேடையேறி, எங்களைப் பற்றி எங்களிடம் பேசுங்கள் என்று கேட்டது அந்நாளில் சிறிய துணிவன்று. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று. 2006இல் அந்தப் பழைய காசநோய் மையத்திலேயே எய்ட்ஸ் தடுப்பூசியின் முதற்கட்டப் பரிசோதனை 32 தன்னார்வலர்களிடம் தொடங்கிற்று. அப்போது சமூக ஆலோசனைக் குழுவொன்றும் உடனிருந்தது. 1956க்கும் 2006க்கும் இடையே நோயாளி நடந்த தூரம் இது.

ஆலோசனைக் குழு இருந்தது என்று எழுதிவிட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்து ஆய்வாளர்கள் முன்னின்று 2017இல் 'கிரிப்-2' என்னும் அறிக்கை நெறியை வெளியிட்டார்கள். அதன் சுருக்க வடிவில் ஐந்தே கூறுகள். நோயாளரையும் பொதுமக்களையும் எந்நோக்கத்தோடு சேர்த்தீர்கள், எவ்வாறு சேர்த்தீர்கள், அதனால் விளைந்தது என்ன, ஆய்வு அவர்களால் எந்த அளவு மாறியது, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை. கடைசிக் கூறுதான் நமக்குப் பிடித்தது. அது ஏறக்குறைய ஓர் ஆன்மசோதனை. ஒப்புக்கு ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு, மக்கள் பங்கேற்றார்கள் என்று எழுதுவோருக்கு அங்கே பேனா சற்றுத் தயங்கும்.

சென்னை மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது. அந்த 193 பேரின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். சிலர் நம் பங்குகளிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அப்பா எந்த மாத்திரையை யார் கண்ணில் படாமல் விழுங்கினார், சானடோரியத்திலிருந்து அம்மா எந்த நாளில் யாருக்காகத் திரும்பி வந்தாள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைத் தேடிச்சென்று கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.