மணி ஒலிப்பது எந்த ஊரில்?

அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் கணினி பழுதாகிறது. அழைத்தால் பெங்களூரில் இருந்து பதில் வருகிறது. பேச்சு புரியவில்லை என்று புகார்கள் குவிந்தன. 2003 நவம்பரில் டெல் நிறுவனம் அலுவலக வாடிக்கையாளர்களின் அழைப்புகளில் ஒரு பகுதியை அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. 2011இல் பிரிட்டனில் சந்தாண்டர் வங்கியும் அதையே செய்தது. கிளாஸ்கோ, லெஸ்டர், லிவர்பூல் நகரங்களுக்குச் சுமார் 500 வேலைகள் கிடைத்தன. அங்கே கைதட்டல், பெங்களூரிலும் புனேயிலும் வெறும் நாற்காலிகள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது யாருடைய கதையோ அல்ல. அதே டெல் 1990களின் நடுவில் இங்கே கணினிகளைத் தயாரித்தது. ஆசிய பசிபிக் வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்கும் இங்கிருந்தே பதில் சொன்னது. போகிற வேலையின் வலியை இந்த ஊர் அதற்கும் முன்பே அறிந்திருந்தது. 1969இல் ஜார்ஜ்டவுன் தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களில் தமிழர்கள் எத்தனையோ பேர். அதே காலத்தில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேறு கட்டாயமானது. பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள்.

அந்த ஆண்டில்தான் துன் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் இண்டெல் ஆலை எழுந்தது. தொழிற்சாலைப் பேருந்துகள் கம்பத்துப் பெண்களையும் தோட்டப்புறப் பெண்களையும் ஏற்றிவந்தன. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் இணைக்கும் வேலை. சம்பளம் குறைவு. தொழிற்சங்கம் கேட்டால் கிடைக்காது. 1988இல்தான் அனுமதி வந்தது, அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும். இதை மறைத்துவிட்டு வளர்ச்சியைப் பாராட்டுவது நியாயமில்லை.

மலிவான கைகளுக்காக வந்தவர்கள், இன்னும் மலிவான ஊர் கிடைத்ததும் ஏன் மொத்தமாகப் போய்விடவில்லை? சிலர் போனார்கள்தான். ஆனால் 1989இல் மாநில அரசும் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. ஆலையில் வேலை பார்த்தவர்கள் அங்கே தொழில்நுட்பம் படித்தார்கள். சில்லுகளைப் பொருத்திய ஊரில் சில்லுகளை வடிவமைக்கும் வேலையும் வந்தது. 2021 டிசம்பரில் இண்டெல் இங்கே 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது.

அழைப்பு மையத்துக்கு இந்த வேர் பிடிப்பதில்லை. ஆலையைப் பெயர்க்க மாதக்கணக்கில் ஆகும். அழைப்பை வேறு நாட்டுக்குத் திருப்ப ஒரு நாள் போதும். 2019இல் ஏர் ஏசியா வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆவா என்ற கணினி நிரலை அமர்த்தியது. அதற்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை.