பிஸ்கால்: ஒரு சொல்லின் வரலாறு

நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்ற வரும் அலுவலரைப் 'பிஸ்கால்' என்பது வன்னியிலும் வழங்கும் ஈழத்துத் தமிழ் வழக்காகும். இதன் வேர்ச்சொல்லாகிய இலத்தீன் 'பிஸ்குஸ்' முதலிற் கூடையையும், பின்னர் உரோமப் பேரரசனின் திறைசேரியையும் குறித்தது. ஒல்லாந்தர் காலத்தில் (1658–1796) பிஸ்கால் என்பவர் அரசின் சார்பில் வழக்குத் தொடுப்பவர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர் நாளடைவில் தீர்ப்பை நிறைவேற்றுபவரானார்.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை, கடனாளியின் சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. கமக்காரரின் கலப்பைக்கும், பிழைப்புக்கு இன்றியமையாதனவென நீதிமன்றம் கருதும் மாட்டிற்கும் விதைக்கும் அச்சட்டம் விலக்களித்தது. வயலுக்கு அவ்விலக்கு இல்லை.

கலப்பை எஞ்சியும் உழ நிலமற்றுப் போனவருக்கு, மன்னனின் கூடையிற் பிறந்த இச்சொல் அச்சத்தின் பெயராயிற்று எனின் அது மிகையன்று.