வேட்டையும் பிரமாதமும் – சில வரலாற்றுக் குறிப்புகள்

வேட்டையைப் பற்றி ஒரு சமணன் எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பாத்திரக் கடைக்காரனுக்கு வில்லும் துப்பாக்கியும் எதற்கு என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விதான். பதில் வந்தவாசிப் பக்கத்தில், நான் பிறந்த ஊரில் இருக்கிறது.

அங்கே ஒரு கொல்லைக் காவற்காரர் இருந்தார். நாட்டுத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்கும்போது அது வெடித்து அவருக்கு வலக்கண் போய்விட்டது. ஊரே "விதி" என்றது. என் தகப்பனார் மட்டும், "விதி இல்லப்பா, அஜாக்கிரதை. குழல்ல கனல் மிச்சம் இருக்கான்னு பார்க்காம மருந்தைக் கொட்டிட்டாரு" என்றார். விதியா, அஜாக்கிரதையா? கடை கட்டிய பிறகு கிடைத்த நேரத்தில் பழைய நூல்களைப் புரட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

மூன்று அம்புகள்

முதல் அம்பு தசரதனுடையது. வால்மீகி ராமாயணத்தில், இளவரசனாக இருந்த தசரதன் மழைக்காலத்து இரவில் சரயு நதிக்கரையில் காத்திருக்கிறான். குடத்தில் நீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. யானை நீர் குடிப்பதாக எண்ணி, சத்தம் வந்த திக்கில் எய்துவிட்டான். விழுந்தவன் ஒரு முனிகுமாரன். காணாமலே ஒலியைக் கொண்டு எய்யும் வித்தையில் அவனுக்கிருந்த பெருமையே வினையாயிற்று.

இரண்டாவது, ஜினசேனர் கி.பி. 783இல் இயற்றிய சமண நூலான ஹரிவம்ச புராணத்தில் வருவது. கண்ணனுக்கு அவன் சகோதரன் ஜரத்குமாரன் கையால்தான் மரணம் என்று நேமிநாதர் சொல்லிவிடுகிறார். அந்தப் பழிக்கு அஞ்சி ஜரத்குமாரன் ஊரை விட்டே காட்டுக்குப் போய்விட்டான். பல்லாண்டு கழித்து, மரத்தடியில் படுத்திருந்த கண்ணனை மான் என்று நினைத்து அவனே எய்தான். விதிக்குப் பயந்து அத்தனை தூரம் ஓடினவன், வில்லை வளைக்கும் முன்பு ஒரு கணம் நின்று பார்க்கவில்லை.

மூன்றாவது சரித்திரம். 1100 ஆகஸ்ட் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டில் வேட்டையாடப் போன மன்னன் இரண்டாம் வில்லியம் அம்பு பாய்ந்து இறந்தான். எய்தவர் வால்டர் டைரல் என்ற பிரபு என்பார்கள். கொலையா விபத்தா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அதே காட்டில், அதே ஆண்டில், சில மாதங்களுக்கு முன்புதான் மன்னனின் அண்ணன் மகன் ரிச்சர்டும் வேட்டையில் அம்பு பட்டு இறந்திருந்தான். முதல் சாவு யாருக்கும் பாடமாகவில்லை.

பிரமாதம் என்ற சொல்

இன்று நாம் சாப்பாட்டையும் கச்சேரியையும் "பிரமாதம்" என்கிறோம். வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் கவனக்குறைவு என்று பொருள். உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது இச்சொல்லைத்தான் முன்னே வைக்கிறார். "நான் வேணும்னு செய்யலையே" என்று சொல்லித் தப்ப அங்கே இடமில்லை; கவனமாக இருந்தாயா என்பதே கேள்வி. என் தகப்பனார் சூத்திரம் படித்தவரல்லர். ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

முன்னோர் செய்துகொண்ட காப்பு

பழைய வில்லாளிகள் எல்லாரும் அஜாக்கிரதைக்காரர்கள் அல்லர். கோதை என்றால் மாலை, பெண் என்று அறிவோம். உடும்புக்கும் அதுவே பெயர். வில்லாளி முன்கையில் கட்டும் தோலுறைக்கும் அதுவே பெயர். நாண் தெறித்துக் கை கிழியாமலிருக்க அந்த உறை, விரலுக்குப் புட்டில். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்று இன்றைய வில்வித்தை ஆசிரியர்கள் சொல்வதும் இந்த வகைதான். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை வில்லிலேயே தங்கி அதை முறித்து, பிடித்தவன் முகத்தில் அடிக்கும்.

நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்திலேயே குடகு நாட்டில் கைல்போத் என்றொரு திருநாள் உண்டு. நாற்று நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும். நடவுக்காலத்தில் ஒதுக்கி வைத்த துப்பாக்கியையும் கத்தியையும் எடுத்துத் துடைத்து, நம் செங்காந்தள் பூவைச் சூட்டிப் பூசை செய்வார்கள். முன்காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்கியது அதன் பிறகுதான். நாட்டில் வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் நிறுத்திவிட்டது. இப்போது தேங்காயைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். ஆயுதத்தைச் சோதித்துத் துடைத்து, கைப்பழக்கம் செய்துகொள்ளும் முறை மட்டும் திருநாளாக நிலைத்துவிட்டது.

சட்டமான பாடம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1949இல், இளம் வேட்டைக்காரர்கள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அங்கே கற்பிப்பவை சில வரிகளில் அடங்கும். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே எண்ணிக் கையாள். குழலை மனிதர் பக்கம் திருப்பாதே. சுடும் கணம் வரை விரலைக் குதிரையில் வைக்காதே. வேலி தாண்டும் முன்பு குண்டை எடுத்துவிடு. குறியையும் அதற்குப் பின்னே இருப்பதையும் கண்ணால் பார்த்து உறுதி செய். சிறிய .22 ரகத் தோட்டாவே 1½ கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது.

விதி தெரிந்தால் மட்டும் போதாது. 2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸில் துணை ஜனாதிபதி டிக் செனி, பறந்த காடையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். ரவைகள் கூட வந்த 78 வயது நண்பரின் முகத்திலும் மார்பிலும் பாய்ந்தன. தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு நிற உடைதான் நண்பர் அணிந்திருந்தார். அவர் உயிர் பிழைத்தது புண்ணியம்.

இது நமக்கு எதற்கு என்று விட்டுவிட முடியாது. குடகிலும் கேரளத்திலும் பயிரைக் காக்க உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. கேரளத்தில் 2022இல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுக்கப்பட்டது. அந்தக் காபித் தோட்டங்களில் பழம் பறிப்பவர்களில் நம் தமிழரும் இருக்கிறார்கள். இருட்டில் புதர் அசைந்தால் அங்கே இருப்பது பன்றியாகவும் இருக்கலாம், குடத்தோடு தண்ணீருக்குப் போனவராகவும் இருக்கலாம்.

கொல்லாமை என் சமயம். எல்லாரும் அதை ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் பார்த்துவிட்டுச் சுடட்டும். வீட்டுக்குள் வரும்முன் குண்டை எடுத்துவிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கட்டும். அதன் பிறகும் ஏதாவது நடந்தால் விதியைப் பற்றிப் பேசலாம்.