சைதாப்பேட்டைச் சாயமும் சப்பாத்திக் கள்ளியும்

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலத்தைத் தினமும் எத்தனையோ பேர் பஸ்ஸிலும் பைக்கிலும் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பாலத்தின் பழைய பெயர் மர்மலாங் பாலம். 'மாம்பலம்' வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல் 'மர்மலாங்' ஆகிவிட்டது என்று சொல்வார்கள். சுமார் 230 வருடங்களுக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரமான தோட்டம் இருந்தது. பூந்தோட்டம் இல்லை, மாந்தோப்பும் இல்லை. கள்ளித் தோட்டம்! அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனி காசு போட்டு வளர்த்த கள்ளி.

களையை மருந்து அடிக்காமல் ஒழிப்பதைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு செடிக்கு எதிரியான பூச்சியையோ பூஞ்சையையோ கொண்டே அந்தச் செடியை அடக்குவதற்கு 'உயிரியல் கட்டுப்பாடு' என்று பெயர். உலகத்தில் இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தை இந்தியாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அந்த முதல் வெற்றி யாரும் திட்டம் போட்டு வந்தது இல்லை. வியாபாரத்தில் விழுந்த ஒரு அடியிலிருந்து வந்தது.

<b>ஒரு சிவப்புக்கு இத்தனை ஆசையா?</b>

அந்தக் காலத்தில் நல்ல சிவப்புச் சாயம் என்றால் தங்கத்துக்குச் சமம். மெக்சிகோவில் கள்ளிச் செடியில் ஒட்டிக்கொண்டு வாழும் 'கொச்சினீல்' என்ற சிறு பூச்சியைக் காயவைத்துப் பொடியாக்கி அந்தச் சாயத்தை எடுத்தார்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் தரையில் ஊரும் வெல்வெட் மாதிரியான சிவப்புப் பூச்சி இது இல்லை. செம்பருத்திச் செடியில் வெள்ளையாக அப்பிக் கிடக்குமே மாவுப்பூச்சி, அதற்கு உறவு. மேலே வெள்ளை மெழுகு, நசுக்கினால் ரத்தச் சிவப்பு. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதி செய்ததில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். பூச்சியை உயிரோடு வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1777ல் தியெரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள் புகுந்து கொஞ்சம் பூச்சியைக் கள்ளியோடு கடத்திக்கொண்டு போனது தனிக் கதை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் இதே சாயம்தான். எதிரி நாட்டிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

<b>டாக்டர் ஆண்டர்சன்</b>

இந்தச் சமயத்தில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். கம்பெனி மருத்துவத் துறையில் பெரிய பதவி. ஆனால் மனசு முழுக்கத் தோட்டத்தில். நுங்கம்பாக்கத்தில் பெரிய தாவரத் தோட்டம் வைத்திருந்தார். பட்டுப்புழு வளர்ப்புக்கும் முயற்சி செய்தார்.

1786ல் சென்னைப் பகுதியில் ஒரு வகைப் பூச்சியைப் பார்த்துவிட்டு, இதுவும் கொச்சினீல் இனம்தான் என்று உற்சாகமாகி லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பேங்க்ஸ் அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர். அந்தக் கடிதங்கள் 1788ல் சென்னையிலேயே அச்சாகி வெளிவந்தன. அவர் பார்த்த உள்ளூர்ப் பூச்சி வியாபாரத்துக்கு உதவவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களால் ஒரு காரியம் நடந்தது. நிஜமான பூச்சி என்றைக்காவது கிடைத்தால் தீனி வேண்டுமே என்று, வெளிநாட்டிலிருந்து கள்ளியை வரவழைத்து சைதாப்பேட்டையில் தோட்டம் போட்டார்கள். பார்த்துக்கொண்டவர் ஆண்டர்சனின் உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி.

அதாவது, விருந்தாளி வருவதற்கு முன்பே இலை போட்டாகிவிட்டது.

<b>வந்தது வேறு விருந்தாளி</b>

1795ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது கள்ளியையும் அதில் ஒட்டியிருந்த பூச்சிகளையும் எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். வழியில் செத்தது போக மிஞ்சியவை கொஞ்சம்தான். எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

ஆனால் அந்தப் பூச்சி மெக்சிகோவின் நிஜமான சாயப்பூச்சி இல்லை. அது 'டாக்டிலோபியஸ் காக்கஸ்'. நீல்சன் கொண்டு வந்தது அதன் காட்டுச் சொந்தமான 'டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்'. அதிலிருந்து கிடைத்த சாயம் மட்டம். இன்னொரு சிக்கலும் இருந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த வெளிநாட்டுக் கள்ளியை அது சீண்டவில்லை. ஏற்கெனவே வேலியோரங்களில் பரவியிருந்த வேறு கள்ளியில்தான் குடியேறியது. அந்தக் கள்ளியின் பெயர் ஒபன்ஷியா மொனகாந்தா. அதுவும் தென் அமெரிக்கச் செடிதான், எப்போதோ வந்து இங்கே ஊர்க்காரன் ஆகிவிட்டது.

சாய வியாபாரம் படுத்தது. 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடி, அங்கிருந்த செடிகளைப் பெங்களூர் லால்பாகுக்கு அனுப்பினார்கள். ஆண்டர்சன் 1809ல் சென்னையில் காலமானார். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இந்த விஷயம் நஷ்டம் என்ற பக்கத்தில் முடிந்துபோனது.

<b>கள்ளிக்கு என்ன ஆனது?</b>

இங்கே கொஞ்சம் தாவரவியல் தேவைப்படுகிறது. சப்பாத்திக் கள்ளியைச் சாகடிப்பது சுலபம் இல்லை. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும்போது தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கள்ளி அப்படி இல்லை. ராத்திரி குளிர்ச்சியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடிவிட்டு உணவு தயாரிக்கும். அதனால் மழை பொய்த்து மற்றதெல்லாம் கருகினாலும் கள்ளி பச்சையாக நிற்கும். வெட்டிப் போட்டாலோ இன்னும் மோசம். விழுந்த ஒவ்வொரு துண்டும் வேர் பிடித்துப் புதுச் செடி ஆகிவிடும். வறட்சி, வெயில், அரிவாள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற செடி.

பதில் இல்லாத ஒரே கேள்வி, தன் சொந்த ஊர் எதிரி. கொச்சினீல் பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஊசி மாதிரியான வாயைக் கள்ளி மடலில் செருகிவிட்டால் அதன்பின் இடத்தைவிட்டு நகராது, சாறை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த செடிக்குப் போகும். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் மடல் மஞ்சளாகிச் சுருங்கி விழும். தண்ணீரைச் சேமித்து வைத்துத்தான் கள்ளி பிழைக்கிறது. பூச்சி அந்தச் சேமிப்பிலேயே கை வைத்துவிடுகிறது. மழை அதிகம் பெய்தால் பூச்சி கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே வறண்ட பூமிதான் அதற்கு ராசி. கள்ளி மண்டிக் கிடந்ததும் அதே வறண்ட பூமியில்தான்.

வட இந்தியாவில் இந்தப் பூச்சி போன இடமெல்லாம் கள்ளிப் புதர்கள் காணாமல் போவதைக் கவனித்தார்கள். சாயத்துக்கு ஆகாவிட்டால் என்ன, களைக்கு ஆகுமே! 1836 முதல் 1838 வரை அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளியை அழிப்பதற்கென்றே விட்டார்கள். 1865 வாக்கில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை அழிக்கவே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை எடுத்துப்போய் வெற்றி பெற்ற முதல் நிகழ்ச்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

<b>இரண்டாவது கள்ளி</b>

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மொனகாந்தா ஒழிந்தாலும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இன்னொரு கள்ளி பெருகிக்கொண்டே போனது. அது ஒபன்ஷியா டில்லினியை. ஊரில் பொதுவாக இரண்டுக்கும் பெயர் சப்பாத்திக் கள்ளிதான். ஆனால் பூச்சிக்கு வித்தியாசம் தெரியும். சிலோனிகஸ் இந்தக் கள்ளியைத் தொடவே இல்லை. மேய்ச்சல் நிலமும் பயிர் நிலமும் முள்ளுக்குள் போய்விட்டால் ஆடு மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குச் சரியான எதிரி வட அமெரிக்கப் பூச்சியான 'டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே'. 1926ல் இலங்கையிலிருந்து அது தென்னிந்தியாவுக்கு வந்தது. சில வருடங்களிலேயே சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர், கள்ளியிலிருந்து விடுபட்டது. அந்தக் காலத்தில் சென்னை மாகாண அரசின் பூச்சியியல் அறிஞராகக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர் டி.வி. ராமகிருஷ்ண அய்யர். தென்னிந்தியாவின் மாவுப்பூச்சி, செதில்பூச்சி இனங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் சொன்னவர். கள்ளியில் வாழும் கொச்சினீல் வகைகளைப் பற்றியும் எழுதினார். எந்தப் பூச்சி எந்தக் கள்ளியைத் தின்னும் என்று பிரித்துச் சொல்லும் இந்தப் பொறுமையான வேலை நீல்சன் காலத்தில் யாருக்கும் கைவரவில்லை.

இதில் ஒரு தற்செயல். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் மூல விதையும் சைதாப்பேட்டைதான். 1868ல் அங்கே ஆரம்பித்த வேளாண் பள்ளிதான் 1906ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கள்ளியை வளர்க்கத் தோட்டம் போட்டதும் சைதாப்பேட்டை, கள்ளியை அடக்கிய அறிவியலுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததும் சைதாப்பேட்டை!

<b>உலகம் கற்றுக்கொண்டது</b>

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கள்ளித் தொல்லை நம் ஊரைவிடப் பல மடங்கு. 1912ல் அவர்கள் அனுப்பிய ஒரு குழு இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளைச் சுற்றி, கள்ளிக்கு எதிரி யார் என்று தேடியது. அவர்கள் எடுத்துப்போன சிலோனிகஸ் பூச்சி அங்கேயும் மொனகாந்தாவைத் தீர்த்துக்கட்டியது. மற்ற கள்ளிகளுக்காக 1925ல் அர்ஜென்டினாவிலிருந்து 'காக்டோபிளாஸ்டிஸ்' என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சுமார் ஆறு கோடி ஏக்கரில் பரவியிருந்த கள்ளியைப் பத்து வருடத்துக்குள் அதன் புழுக்கள் பெரும்பாலும் தின்று தீர்த்தன. நன்றியோடு அங்கே ஒரு கிராமத்தில் அந்தப் பூச்சியின் பெயரிலேயே மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. அதே அந்துப்பூச்சி 1989ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி களை இல்லை, அந்த மண்ணின் சொந்தச் செடி. நமக்கு ஒரு லட்சம் ஏக்கரை மீட்டுக் கொடுத்த அதே ஒபன்ஷியே பூச்சி 2014ல் மொராக்கோவுக்குள் நுழைந்து, பழத்துக்காகவும் தீவனத்துக்காகவும் கள்ளி வளர்த்த ஏழை விவசாயிகளின் தோட்டங்களைக் காலி செய்தது. பூச்சி மாறவில்லை. கள்ளி யாருக்குச் சொந்தம் என்பதுதான் மாறியது.

நம் நாட்டிலும் 1984ல் பார்த்தீனியத்தை அடக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது சூரியகாந்திச் செடியில் காணப்பட்டபோது பெரிய சர்ச்சையே ஆனது. அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு பூச்சியை வெளியே விடுவதற்கு முன் அது வேறு எதையெல்லாம் தின்னும் என்று அடைத்துவைத்துச் சோதிக்கிறார்கள். பசி எடுத்தாலும் அந்த ஒரு செடியைத் தவிர வேறெதையும் தொடாத பூச்சிக்குத்தான் அனுமதி.

நீல்சனின் பூச்சி தேறியதும் அந்தக் குணத்தால்தான். சைதாப்பேட்டைக் கள்ளியைத் தொட மறுத்ததை அன்றைக்குக் குறை என்று நினைத்தார்கள். அந்தக் குறைதான் அதைப் பத்திரமான களைக்கொல்லி ஆக்கியது. வியாபாரக் கணக்கில் நஷ்டம் என்று எழுதி மூடிய பக்கம், நாற்பது வருடம் கழித்து முள் நீங்கிய நிலமாகத் திரும்பி வந்தது. அந்த வரவை எழுதக் கம்பெனியின் பேரேட்டில் பத்தியே கிடையாது.